சிவப்புத் திரவ வெப்பமானி: வகுப்பறைக்குத் தேறுமா?

தொடக்கப் பள்ளி வகுப்பில் உருகுநிலை, உறைநிலை, கொதிநிலை மூன்றையும் ஒரே கருவியில் காட்ட, மைனஸ் 10 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை அளக்கும் சிவப்புத் திரவக் கண்ணாடி வெப்பமானி போதும். பாதரசம் இல்லாததால் உடைந்தாலும் கண்ணாடிச் சில்லுகளை அகற்றி, சிந்திய திரவத்தைத் துடைப்பதோடு வேலை முடிந்துவிடும். வாங்கும்போது மேல் எல்லையைப் பாருங்கள். 50 டிகிரி வரை மட்டும் அளக்கும் அறை வெப்பமானியைக் கொதிநீரில் விட்டால், விரியும் திரவத்துக்கு இடமில்லாமல் குமிழ் வெடிக்கும். டிகிரிக்கு ஒரு கோடு இருக்க வேண்டும். இரண்டு டிகிரிக்கு ஒரு கோடு என்றால் குழந்தைகள் குழம்புவார்கள்.

டிஜிட்டல் கருவி இதைவிடத் துல்லியம்தான். ஆனாலும் என் ஓட்டு இதற்கே. பனிக்கட்டி உருகும்போது சிவப்புக் கோடு ஏறாமல் 0-விலேயே நிற்பதை மாணவர் கண்ணால் பார்க்கலாம். பாடமே அதுதான்.

கோடு அப்படி நிற்க வேண்டுமானால் பனிக்கட்டியைப் பொடித்து, கொஞ்சம் நீர் விட்டு, கரண்டியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். வெப்பமானியால் கிளறினால் குமிழ் உடையும். உறைபெட்டியிலிருந்து நேராக எடுத்த கட்டி மைனஸ் 18 வரைகூட இருக்கும். அதை அப்படியே அளந்தால் 0 வராது. குமிழ் பீக்கரின் அடியைத் தொட்டால் அளவு கூடுதலாகக் காட்டும்.

கொதிநீரில் 98 என்று காட்டினால் கருவியைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயர்ந்தால் கொதிநிலை 1 டிகிரி குறையும். மலிவான கருவியின் பிழையும் ஒரு டிகிரி இருக்கலாம். முதலில் உருகும் பனியில் வைத்துப் பாருங்கள்: அங்கே 0 காட்டினால் சந்தேகம் பெரும்பாலும் உயரத்தின் மேல்தான். கொதிநீர்ச் சோதனையை ஆசிரியரே செய்யட்டும், நீராவி பொல்லாதது.

உறைநிலைதான் நம் பொறுமையை அதிகம் சோதிக்கும். சோதனைக்குழாயில் நீரை வைத்து, மூன்று பங்கு பொடித்த பனிக்கட்டிக்கு ஒரு பங்கு உப்பு கலந்து சுற்றிலும் நிரப்புங்கள். நீர் சில சமயம் உறையாமலே மைனஸ் 3 வரை இறங்கி, உறையத் தொடங்கியதும் திடீரென 0-வுக்கு ஏறும். கருவி கெட்டுவிட்டதென்று நினைப்பவர்கள் உண்டு. மீக்குளிர்வு என்பது இதுவே. உறைந்தபின் வெப்பமானியைப் பிடித்து இழுக்கவே கூடாது. குழாயை வெதுவெதுப்பான நீரில் வைத்து உருக்கி எடுங்கள். இந்தக் கருவிகள் பெரும்பாலும் உடைவது இந்த இடத்தில்தான்.

பெரிய குறை ஒன்று: படுக்க வைத்து ஆடவிட்டால் சிவப்புக் கோடு துண்டாகிப் பல டிகிரி பிழை காட்டும். குமிழை உப்பு கலந்த பனியில் வைத்தால் திரவம் முழுவதும் உள்ளே இறங்கி ஒன்றுசேரும். பிறகு நிமிர்த்தியே வைத்து மெதுவாகச் சூடேற விடுங்கள். குழுவுக்கு ஒன்றோடு, உபரியாக இரண்டும் சேர்த்து வாங்குவது நல்லது.