14 மாதங்கள் சொல் அட்டைப் பெட்டியோடு

அமெரிக்கத் தனியார் பள்ளிகளில் சேர்வதற்கான எஸ்எஸ்ஏடி தேர்வை மகள் எழுதி முடித்துவிட்டாள். அதற்காக 14 மாதங்கள் எங்கள் மேசையில் கிடந்த சொல் அட்டைப் பெட்டியைப் பற்றி இப்போது நிதானமாக எழுதலாம்.

பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய செருப்புப் பெட்டிக்குள் நான்கு தடுப்புகள், ஐந்து அறைகள். ஒவ்வோர் அட்டையிலும் முன்புறம் ஓர் ஆங்கிலச் சொல், பின்புறம் பொருள். செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1972-இல் எழுதிப் பரவலாக்கிய முறை இது. பொருளைச் சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்கு நகரும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் பார்ப்போம், கடைசி அறையை மாதம் ஒருமுறை.

தொடக்கத்தில் எனக்குப் பேராசை. நாளுக்கு 15 புதிய சொற்கள். மூன்றாவது வாரத்தில் முதல் அறையில் அட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பெட்டியை எடுத்தாலே மகள் முகம் சுண்டிப்போகும். ஐந்தாகக் குறைத்த பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது.

அடுத்த பிழை இதைவிடப் பெரியது. கண்டுபிடிக்கவே நான்கு மாதம் ஆனது. அட்டையின் பின்புறத்தில் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைத்தான் பொருளாக எழுதியிருந்தேன். அபேட் (abate), வேன் (wane), கர்டெய்ல் (curtail), டுவிண்டில் (dwindle) நான்குக்கும் "குறைதல்". அவளும் தயங்காமல் சொல்வாள். நான்கும் விறுவிறுவென்று பின் அறைகளுக்குப் போய்விட்டன. மாதிரித் தேர்வில் ஓர் ஒப்புமைக் கேள்வி: புயலுக்கு அபேட் என்றால் நிலாவுக்கு எது? வேன் என்பதற்குப் பதில் டுவிண்டில் என்று குறித்துவிட்டு வந்தாள். "எல்லாமே குறைதல்தானே அப்பா?" அட்டையில் நான் எழுதியதைத்தான் அவள் திருப்பிச் சொன்னாள்.

அன்று இரவு நான்கு அட்டைகளையும் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினோம். புயல் தணிகிறது. நிலா தேய்கிறது. செலவைச் சுருக்குகிறோம். சேமிப்பு கரைகிறது. தமிழே இத்தனை வினைகளைக் கையில் வைத்திருக்கும்போது, எல்லாவற்றையும் ஒரே கோணிப்பைக்குள் திணித்தது என் சோம்பேறித்தனம். அதற்குப் பிறகு எந்த அட்டையிலும் தனிச்சொல் பொருள் கிடையாது. அவளே எழுதிய ஒரு வாக்கியம், அதன் கீழே அந்த இடத்துக்குப் பொருந்தும் தமிழ் வினை. ஓர் அட்டைக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். அட்டை எழுதும் அந்த ஐந்து நிமிடம்தான் படிப்பு. பெட்டி அதைக் கெடாமல் பாதுகாக்கிறது, அவ்வளவே.

வேர்ச்சொற்களை நான் முதலில் அலட்சியம் செய்தேன். மனம் மாறியது "க்ரெக்" என்ற லத்தீன் வேரால். மந்தை என்று பொருள். க்ரிகேரியஸ் கூட்டத்தை விரும்புபவர், காங்க்ரிகேட் கூடுதல், செக்ரிகேட் பிரித்து வைத்தல். எக்ரீஜியஸ் மட்டும் முரண்டு பிடித்தது. மந்தையிலிருந்து தனித்துத் தெரிவது என்ற பாராட்டாக இருந்த சொல், இன்று படுமோசமான பிழையைக் குறிக்கிறது. பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்த "நாற்றம்" இன்று மூக்கைப் பிடிக்க வைப்பதைச் சொன்னேன். சிரித்தாள். அந்த அட்டை ஒருமுறைகூட முதல் அறைக்குத் திரும்பவில்லை.

அரைகுறையாகத் தெரிந்த வேருக்கும் தேர்வில் மதிப்பு உண்டு. அவள் எழுதிய தாளில் சொற்பகுதிக்கு 30 நிமிடம்; 30 ஒருபொருட்சொல் கேள்விகள், 30 ஒப்புமைகள். ஐந்து விடைகளில் ஒன்றைத் தேர வேண்டும், தவறினால் கால் மதிப்பெண் போகும். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. வேரை வைத்து ஒரு விடையை உறுதியாகத் தள்ளிவிட முடிந்தால் கணக்கு நம் பக்கம் சாய்கிறது. ஐஎஸ்இஇ என்ற இன்னொரு பள்ளி நுழைவுத் தேர்வை எழுதுபவர்களுக்கு இந்த மதிப்பெண் கழிவு இல்லை; அங்கே ஒப்புமைக்குப் பதில் வாக்கியத்தை நிரப்ப வேண்டும் என்பதால் அட்டையில் உள்ள வாக்கியத்துக்கு இன்னும் வேலை அதிகம்.

காகித அட்டைக்கே உரிய ஒரு கோளாறையும் சொல்ல வேண்டும். ஒருநாள் நான் அட்டையை முழுதாகத் தூக்குவதற்குள் "பிடிவாதம்" என்றாள். மூலை மடங்கிய அட்டை அது. சொல்லைப் படிக்காமல் மடிப்பைப் படித்திருக்கிறாள்! தேநீர்க் கறை பட்டது, மை ஊறியது, எல்லாவற்றுக்கும் அவளிடம் தனி அடையாளம் இருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட அட்டைகளைத் திரும்ப எழுதினேன். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஆங்கி (Anki) என்ற அட்டைச் செயலியில் இந்தத் தொல்லை இல்லை, எந்த அட்டையை எந்த நாளில் பார்ப்பது என்பதையும் அதுவே கணக்கிட்டுவிடும். ஆனால் திரையைத் திறந்தால் என் மகள் வேறு எங்கோ போய்விடுவாள் என்பதால் செருப்புப் பெட்டியையே வைத்துக்கொண்டேன்.

முதல் அறையில் இன்னும் 11 அட்டைகள் மிச்சம். முன்னால் நிற்பது எனர்வேட். எனர்ஜி என்ற ஒலி காதில் விழுந்ததும் "உற்சாகமூட்டு" என்று சொல்லிவிடுகிறாள். சோர்ந்துபோகச் செய்தல் என்பது பொருள். நேற்றும் அதையேதான் சொன்னாள்.