கொழுந்து எடை ஃபேக்டரிக்கு வந்து சேர: கோத்தகிரியில் எம்க்யூடிடி பயன்படுத்திய அனுபவம்

கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஊர்களில் பச்சை இலை வாங்கும் ஒரு தேயிலை ஃபேக்டரிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். சோலூர்மட்டம் பக்கமும் கொடநாடு ரோட்டிலும் இலை ஷெட்டுகள் இருக்கின்றன. மூட்டையைத் தராசில் வைத்ததும் விவசாயியின் எண், எடை, மழைநாள் என்றால் ஈரத்துக்குப் பிடித்த கழிவு எல்லாம் ஃபேக்டரி கணக்கில் ஏற வேண்டும். விட்டுப்போகக் கூடாது, இரண்டு தடவை ஏறக் கூடாது, வழியில் யாரும் எண்ணை மாற்றவும் கூடாது. கேட்கச் சின்ன வேலைதான். வடகிழக்குப் பருவமழையில் கரண்டும் டவரும் சேர்ந்து படுத்துவிடுகிற மலையில் அதைச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

முன்பு வாட்ஸ்அப் குரூப்தான். ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள், ஆபீஸில் பார்த்து டைப் செய்வார்கள். வாட்ஸ்அப்பில் 2016லிருந்து செய்திகள் முழுக்கப் பூட்டப்பட்டுத்தான் போகின்றன, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு டிக் விழுந்தால் போனுக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் அர்த்தம், கணக்கில் ஏறியது என்று இல்லை. மாதக் கடைசியில் பஞ்சாயத்து முழுக்க இந்த இடைவெளியில்தான்.

அதற்குப் பதிலாக எம்க்யூடிடிக்கு மாறினோம், கருவிகள் தங்களுக்குள் சின்னச் செய்திகள் அனுப்பிக்கொள்ளும் ஒரு முறை. இது 1999ல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது. மெதுவான, அடிக்கடி அறுந்துபோகிற இணைப்புக்கென்றே பிறந்தது. செய்தியின் முன்னால் ஒட்டும் விவரப் பகுதி (ஹெடர்) குறைந்தபட்சம் 2 பைட்தான். அனுப்புகிறவர் ஒரு தலைப்பின் (டாபிக்) கீழ், நடுவில் நிற்கும் புரோக்கர் என்ற புரோகிராமுக்கு அனுப்புவார், அந்தத் தலைப்பு வேண்டியவர் புரோக்கரிடமிருந்து வாங்கிக்கொள்வார். எங்கள் புரோக்கர் மொஸ்கிட்டோ என்ற சாஃப்ட்வேர், ஃபேக்டரி ஆபீஸிலேயே ஓடுகிறது. ஒவ்வொரு ஷெட்டிலும் தராசோடு ஒரு ராஸ்பெர்ரி பை, கையளவு குட்டிக் கம்ப்யூட்டர்.

செய்திக்கு மூன்று நிலை உத்தரவாதம் உண்டு. 0 என்றால் போட்டுவிட்டு மறந்துவிடலாம். 1 என்றால் ஒரு முறையாவது போகும், இரண்டு முறையும் போகலாம். 2 என்றால் நான்கு கட்டப் பேச்சுவார்த்தை நடத்திச் சரியாக ஒரு முறை. எல்லோரும் முதலில் 2ஐத்தான் பிடிப்பார்கள். என் அனுபவத்தில் அது தேவையில்லை. காரணம், ‘சரியாக ஒரு முறை’ என்பது ஷெட்டுக்கும் புரோக்கருக்கும் நடுவில், அப்புறம் புரோக்கருக்கும் கணக்கு புரோகிராமுக்கும் நடுவில், தனித்தனியாகத்தான். செய்தியை வாங்கிய புரோகிராம் எழுதி முடிப்பதற்குள் கரண்ட் போனால் அந்த உத்தரவாதம் எதற்கும் உதவாது.

இதில் இன்னும் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. ‘வந்துவிட்டது’ என்று புரோக்கர் பதில் சொல்லும்போது செய்தி பெரும்பாலும் மெமரியில்தான் இருக்கும். மொஸ்கிட்டோவில் சேமிப்பு வசதியை ஆன் செய்தாலும், இயல்பு அமைப்பில் அது டிஸ்கில் எழுதுவது 1800 நொடிக்கு ஒரு முறை, அதாவது அரை மணி நேரம். நடுவில் யுபிஎஸ் கைவிட்டால், பதில் சொல்லி வாங்கி வைத்த செய்திகூடப் போய்விடலாம். ஷெட் பக்கமும் இதே கதை. பைத்தான் மொழியில் எம்க்யூடிடிக்குப் பலரும் பயன்படுத்தும் பாஹோ லைப்ரரி, அனுப்பக் காத்திருக்கும் செய்திகளை மெமரியில் மட்டுமே வைத்துக்கொள்ளும். பை ரீஸ்டார்ட் ஆனால் வரிசை காலி. இதெல்லாம் அவர்களுடைய ஆவணத்திலேயே இருக்கிறது, படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

அதனால் ஏற்பாடு இப்படி. தராசு எடை காட்டியதும் முதலில் ஷெட்டிலுள்ள எஸ்க்யூலைட் கோப்பில், அதாவது பையின் டிஸ்கிலேயே இருக்கும் சின்ன டேட்டாபேஸில், ஒரு வரி. அதற்கு ஷெட் எண்ணும் வரிசை எண்ணும் சேர்ந்த ரசீது எண். பிறகு நிலை 1ல் அனுப்பு. கணக்கு புரோகிராம் தன் டேட்டாபேஸில் எழுதி முடித்த பிறகு அதே ரசீது எண்ணைத் திருப்பி அனுப்பும். அது ஷெட்டுக்கு வந்தால்தான் ‘முடிந்தது’ என்று குறி. வராத வரைக்கும் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருக்கும். ஒரே ரசீது எண் இரண்டாம் முறை வந்தால் கணக்கில் ஏறாது, பதில் மட்டும் போகும்.

விவசாயிக்கு எஸ்எம்எஸ் போகும் பகுதியில் இந்தச் சோதனை முதலில் இல்லை. ஒரு பெரியவர் போனை நீட்டி, “தம்பி, நாப்பத்திரெண்டு கிலோ ரெண்டு தடவை வந்திருக்கு, ரெண்டுக்கும் காசு உண்டுதானே?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கணக்கில் ஒன்றுதான் இருந்தது. இருந்தாலும் அந்த வாரமே எஸ்எம்எஸ்ஸுக்கும் ரசீது எண் சோதனை வைத்தாயிற்று. தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துக்குறிதான் இடம், புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்காகும். ஆகவே செய்தி தந்தி மாதிரிதான் இருக்கும்.

டவர் விழுவதைவிட எரிச்சல், விழுந்தது தெரியாமல் இருப்பது. மூடுபனியில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும்போது, மொபைல் நெட்வொர்க் இணைப்பைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். பையில் ஓடும் லினக்ஸ் அதன் இயல்பு அமைப்பில் அனுப்பியதையே கால் மணி நேரம் வரை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் கைவிடும். எம்க்யூடிடியின் கீப்-அலைவ், அதாவது ‘இருக்கிறேன்’ என்று ஷெட் குறித்த நேரத்துக்குள் சொல்லியாக வேண்டிய ஏற்பாடு, இங்கே காப்பாற்றுகிறது. 60 நொடி வைத்தால், 90 நொடிக்குள் ஒன்றும் வரவில்லை என்றதும் புரோக்கர் அந்த ஷெட்டைத் துண்டித்து, ஷெட் முன்கூட்டியே கொடுத்து வைத்த ‘கடைசிச் செய்தி’யை மற்றவர்களுக்கு அனுப்பிவிடும். ஆபீஸ் திரையில் அந்த ஷெட் சிவப்பாகும். இலை வண்டி டிரைவருக்குப் போன் போட்டு, ரசீதுக் கட்டைக் கையோடு வாங்கி வரச் சொல்லலாம். எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான்.

பாதுகாப்பு விஷயத்துக்கு வருவோம். எம்க்யூடிடியின் வழக்கமான 1883 போர்ட்டைத் திறந்து வைத்தால் எல்லாம் வெறும் எழுத்தாகப் போகும். கட்டுப்பாடு இல்லாத புரோக்கரில் யார் வேண்டுமானாலும் ‘எல்லாத் தலைப்பும்’ என்று பொருள்படும் ஒரே ஒரு # குறி கொடுத்து மொத்தச் செய்தியையும் வாங்கிப் படிக்கலாம். 2020ல் வந்த மொஸ்கிட்டோ 2.0லிருந்து பெயரில்லாதவரை இயல்பாக உள்ளே விடுவதில்லை, நல்ல முடிவு. நாங்கள் 8883 போர்ட்டில் டிஎல்எஸ் (வழியில் யாரும் படிக்கவோ மாற்றவோ முடியாமல் பூட்டும் முறை) போட்டு, ஷெட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு, தன் பெயரிலுள்ள தலைப்பில் மட்டும் எழுதும் அனுமதி என்று வைத்திருக்கிறோம். ஒரு ஷெட்டின் பை கம்ப்யூட்டரை யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் இன்னொரு ஷெட்டின் எடையைத் தொட முடியாது.

டிஎல்எஸ் வைத்தால் கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். பை 4 வரைக்கும் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. மண் சரிந்து சில நாள் கரண்ட் இல்லாமல் கிடந்து எழுந்தால், அதன் மனதில் இன்னும் பழைய தேதிதான். டிஎல்எஸ்ஸில் புரோக்கர் அசல்தான் என்று காட்டும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் எங்களுக்கு 90 நாள் ஆயுளோடு வருகிறது. பை தூங்கும்போது அது புதுப்பிக்கப்பட்டிருந்தால், ‘இந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை’ என்று பை கதவைச் சாத்திவிடும். நெட்டிலிருந்து நேரம் வாங்கிக்கொண்டால் தானாகச் சரியாகும், ஆனால் சில நெட்வொர்க்குகளில் அதற்கே வழி இருக்காது. டிஎஸ்3231 என்ற சின்ன கடிகாரப் பலகையும் பட்டன் பேட்டரியும் போட்ட பிறகு இந்தத் தொல்லை இல்லை. வருஷத்துக்கு ஒரு நிமிஷம் போலத்தான் பிசகும்.

குறை என்றால், எம்க்யூடிடியில் இதில் பாதி தயாராக வருவதில்லை. ரசீது எண், டிஸ்கில் வரிசை, முடிவில் வரும் பதில் எல்லாம் நாமே எழுத வேண்டியவை. ஒரே ஷெட் வைத்திருப்பவர் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். எஸ்க்யூலைட் வரிசையும், கணக்கு சர்வருக்குச் சாதாரண எச்டிடிபிஎஸ் கோரிக்கையும் போதும். ரசீது எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள்.