ஏற்காட்டுக்கு எந்த புல்லட்?

காகிதத்தில் பார்த்தால் ராயல் என்ஃபீல்டின் மூன்று தலைமுறை புல்லட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) எஞ்சின் 346 சிசி, 18 குதிரைத்திறன். 2010-ஐ ஒட்டி அதன் இடத்துக்கு வந்த யூ.சி.ஈ. (யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் எஞ்சின்) அதே 346 சிசிதான், 19.8. 2023 செப்டம்பரில் புல்லட்டுக்கு வந்த ஜே சீரிஸ் 349 சிசி, 20.2. 1955-ல் பிரிட்டனின் ராயல் என்ஃபீல்டு மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியதிலிருந்து கணக்குப் போட்டால், கூடிய சக்தி கொஞ்சம்தான். அப்புறம் எது மாறியது? கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் வண்டியை விட்டால் தெரிந்துவிடும். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500-க்கு மேல், நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு.

ஏறுவதில் மூன்றுமே குறை வைக்காது. காஸ்ட் அயர்னும் யூ.சி.ஈ.யும் 70 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே இழுவை இருக்கும். ஜே சீரிஸில் அது 72-க்கு 85.8. கூடவே பேலன்சர் ஷாஃப்டும் வந்ததால் கை மரத்துப்போகும் அதிர்வு அடங்கிவிட்டது. "சத்தமும் அடங்கிப்போச்சே" என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். மேலே காற்று அடர்த்தி குறையும்போது கார்ப்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் விகிதம் கூடி ஐடிலிங் தடுமாறலாம். 2020-க்குப் பின் வந்த இன்ஜெக்‌ஷன் வண்டிகள் தாங்களே சரிசெய்துகொள்ளும்.

இறக்கம்தான் உண்மையான பரீட்சை. காஸ்ட் அயர்ன் ஸ்டாண்டர்டில் முன்னும் பின்னும் ட்ரம் பிரேக். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் ட்ரம் சூடாகி, கீழ் வளைவுகளுக்கு வரும்போது பிடிப்பு குறைந்துவிடும். இரண்டாவது கியரில் போட்டு எஞ்சினையே பிரேக்காக வைத்து இறங்கத் தெரிந்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் கால். பழைய ஸ்டாண்டர்டில் கியர் வலது காலில், முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பிரேக் இடது காலில். நிதானமாக ஓட்டும்போது பழகிவிடும். வளைவில் திடீரென்று எதிரே பஸ் வந்தால், மற்ற வண்டியில் பழகிய வலது கால் தானாக அழுத்தும். அங்கே இருப்பது கியர். வீட்டில் ஸ்கூட்டரும் வேறு பைக்கும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்களுக்கு இந்த வண்டியை நான் சொல்லவே மாட்டேன்.

நடுவில் வந்த ஏ.வி.எல். அலுமினிய எஞ்சினை, 2002 தண்டர்பேர்டில் வந்ததே அதை, இங்கே விட்டுவிடலாம். டீசல் புல்லட்டையும்தான், அதை வைத்து ஏற்காடு ஏறுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

யூ.சி.ஈ.யில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் வந்தன. அடிக்கடி சரிசெய்ய வேண்டாத ஹைட்ராலிக் டேப்பெட், ஐந்து கியர், இடது காலில் மாற்றுவது, சில மாடல்களில் செல்ஃப் ஸ்டார்ட், கிக்கரும் உண்டு. பழைய வண்டியைக் கிளப்ப பிளாட்டினம் பாயின்ட் தேய்த்து, ஆம்பியர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஷன் பிடித்து உதைக்கிற சடங்கெல்லாம் போயிற்று. ஆனால் 2019 ஏப்ரலில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாவதற்கு முந்தைய வண்டி என்றால், மழைக்காலத்து ஈர வளைவில் கை ஜாக்கிரதை.

ஜே சீரிஸில் முன்னால் 300 மி.மீ. டிஸ்க், ஏ.பி.எஸ்., எஞ்சினுக்கு முன்னால் இரண்டு குழாய் இறங்கும் சட்டம். 195 கிலோ வண்டி வளைவில் சொன்ன பேச்சு கேட்கிறது. விலை குறைந்த மாடலில் பின்னால் ட்ரம்தான், ஏ.பி.எஸ். முன் சக்கரத்துக்கு மட்டும். மலைக்கென்றே வாங்குகிறவர் கூடுதல் காசு போட்டு இரண்டு பக்கமும் டிஸ்க் உள்ளதை எடுப்பதே நல்லது. குறை என்றால் கிக்கர் இல்லை. பேட்டரி உயிரை விட்டால் உதைத்து எழுப்ப முடியாது.

எஸ்டேட் வேலையாக அடிக்கடி ஏறி இறங்குகிறவருக்கும், பின்னால் குடும்பத்தை ஏற்றிப் போகிறவருக்கும் என் ஓட்டு ஜே சீரிஸுக்கு. கை இறுக்கம் என்றால் முன் டிஸ்க், ஏ.பி.எஸ். உள்ள யூ.சி.ஈ. காஸ்ட் அயர்ன் வேண்டுமென்றால் ஆசைக்கு மட்டும் வாங்குங்கள். ஏறக்குறைய எல்லாமே 15 வயது தாண்டியவை, ஆர்.சி. புதுப்பித்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். எதுவானாலும் சேலம் ஐந்து ரோட்டைச் சுற்றி ஓட்டிக் காட்டினால் காசு கொடுத்துவிடாதீர்கள். நாலைந்து வளைவு ஏறி இறங்கிப் பார்க்கக் கேளுங்கள். விற்கிறவர் தயங்கினால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.