வெண்புள்ளிக்கு ‘ஜாக் கிரீம்’ என்று லேபிள் இல்லாத டப்பாவைக் கொடுத்தால் வாங்காதீர்கள்

எங்களிடம் வந்த ஒருவர் கையோடு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்தார். மூடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் “ஜாக் கிரீம், 30 நாளில் முழு நிறம்” என்று மட்டும் இருந்தது. மருந்தின் பெயர், எத்தனை சதவீதம், பேட்ச் எண், காலாவதித் தேதி எதுவும் இல்லை. ஒரு கிளினிக்கில் நேரடியாகக் கையில் கொடுத்திருக்கிறார்கள். பில்லும் தரவில்லை.

முகத்தில் தடவத் தொடங்கியதும் புள்ளிகளுக்குள் கொஞ்சம் நிறம் திரும்பியிருக்கிறது. பலரும் நம்பிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். வீரியமான ஸ்டீராய்டு களிம்புகூட வெண்புள்ளியில் ஓரளவு நிறம் கொண்டுவரும். அதனால் நிறம் வந்ததை வைத்து டப்பாவுக்குள் இருப்பது எது என்று சொல்லிவிட முடியாது. பிறகு நடந்ததுதான் காட்டிக்கொடுத்தது. கன்னத்துத் தோல் மெலிந்து கண்ணாடித்தாள் போல மினுங்கியது, அடியில் மெல்லிய சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரிந்தன, பூனைமுடி வளர்ந்தது, தடவாத நாளில் முகம் எரிந்து சிவந்தது. ஸ்டீராய்டை வாரக்கணக்கில் முகத்தில் தடவினால் வருபவை இவை. இமையருகே தடவினால் கண் அழுத்தம், கண்புரை வரை போகும்.

ஜாக் எனப்படும் என்சைம்களைத் தடுப்பதால்தான் ‘ஜாக் கிரீம்’ என்கிறார்கள். அந்தப் பெயருக்குரிய உண்மையான மருந்து ருக்ஸோலிடினிப் 1.5% கிரீம். 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் வெண்புள்ளிக்கு அமெரிக்காவில் 2022 ஜூலையிலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023இலும் ஒப்புதல் பெற்றது. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வரும் வகைக்கு அந்த ஒப்புதல் கிடையாது. வெண்புள்ளியில் நிறமிச் செல்களைத் தாக்குபவை டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள். இவை இன்டர்ஃபெரான் காமா என்ற செய்திப் புரதத்தைச் சுரக்கின்றன. அந்தச் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜாக் 1, ஜாக் 2 என்சைம்களை இந்த கிரீம் தடுக்கிறது. தாக்குதல் அடங்கிய பிறகு, முடிக்குழியில் மிஞ்சியிருக்கும் நிறமிச் செல்கள் மெல்ல வெளியே பரவ வேண்டும். ஆகவே நிறம் பழுப்புப் பொட்டுப் பொட்டாகத் திரும்பும். விரல் நுனி, உதடு, முடியும் நரைத்துப்போன புள்ளி ஆகியவற்றில் பலன் குறைவு. பெரிய ஆய்வுகளிலேயே, முகப்புள்ளிகளில் முக்கால்வாசி முன்னேற்றம் கண்டவர்கள் 24 வாரத்தில் சுமார் 30 சதவீதம், 52 வாரத்தில் ஏறக்குறைய பாதிப்பேர். 30 நாளில் முழு நிறம் என்பவர் பொய் சொல்கிறார்.

அளவிலும் ஏமாற்று நடக்கிறது. நாளுக்கு இரண்டு வேளை, மெல்லிய பூச்சாக, உடலில் 10 சதவீதத்துக்கு மிகாமல் தடவ வேண்டும். விரல்களோடு சேர்த்த உங்கள் கை ஏறக்குறைய 1 சதவீதம். வாரத்துக்கு 60 கிராமைத் தாண்டக் கூடாது. “முதுகு, கால் எல்லா இடத்திலும் தாராளமாகத் தடவுங்கள்” என்றால், மருந்து தோல் வழியே ரத்தத்தில் கூடுதலாகச் சேரும். டப்பா சீக்கிரம் தீர்வதால் விற்பவருக்கு மட்டும்தான் லாபம்.

இதைவிட ஆபத்து, கவரில் உதிரியாகப் போட்டுத் தரும் டோஃபாசிடினிப் மாத்திரை. இதுவும் ஜாக் என்சைம்களைத் தடுப்பதுதான், ஆனால் விழுங்குவது. வெண்புள்ளிக்கு அது ஒப்புதல் பெற்ற மருந்தல்ல. தோல் மருத்துவர்கள் சிலருக்குத் தருவதுண்டு, ஆனால் காசநோய், ஹெபடைடிஸ் பி, சி, ரத்த அணுக்கள், கல்லீரல், கொழுப்பு என எல்லாப் பரிசோதனையும் பார்த்த பிறகே தருவார்கள். இடையிலும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்காமல் விழுங்கினால் உடலில் உறங்கிக்கிடக்கும் காசநோய் கிளம்பலாம், அக்கி வரலாம், ரத்தம் உறையலாம். பூஞ்சைத் தொற்றுக்குக் கீட்டோகோனசோல் மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் இதன் அளவு கூடிவிடும். பரிசோதனைச் சீட்டு எழுதாமல் மாத்திரை கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே இப்படியொரு டப்பாவை வாரக்கணக்கில் தடவியிருந்தால், சட்டென்று நிறுத்தும்போது முகம் கடுமையாகச் சிவந்து எரியலாம். உடனே தகுதியுள்ள தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மிச்சமிருக்கும் கிரீமோடு, ஸ்டிக்கரைக் கிழிக்காமல் எடுத்துப் போங்கள். உள்ளே என்ன இருந்தது என்று ஆய்வகத்தில் பார்க்கவும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கவும் கையில் இருக்கும் சான்று அது ஒன்றுதான்.