புது லேப்டாப்புக்கு ஆன்டிவைரஸ்: சேலத்துக்கு ஒன்று, ஏற்காட்டுக்கு வேறொன்று

சேலத்தில் லேப்டாப் வாங்கப் போனால் பில் போடுகிற நேரத்தில் பெரும்பாலும் இந்தக் கேள்வி வந்துவிடும்: "ஆன்டிவைரஸ் போட்டுத் தந்துடட்டுங்களா? பேக், மவுஸோட சேர்த்து ஆஃபர்ல இருக்குதுங்க." உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள், வேண்டாம் என்றும் சொல்லிவிடாதீர்கள். அந்த லேப்டாப் எங்கே இருக்கப்போகிறது, நெட் எப்படி, யாருடைய பென்டிரைவெல்லாம் அதில் ஏறும் என்பதைப் பொறுத்துத்தான் இதை முடிவு செய்ய முடியும். எங்கள் குடும்பத்தில் ஒரே சமயத்தில் இரண்டு லேப்டாப் வாங்கினோம். ஒன்று கருப்பூரில் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கும் சித்தி மகளுக்கு, இன்னொன்று ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபித் தோட்டக் கணக்குப் பார்க்கும் பெரியப்பாவுக்கு. இரண்டிலும் நான்தான் எல்லாம் போட்டுக் கொடுத்தேன், இரண்டுக்கும் வேறு வேறு முடிவு.

முதலில் தங்கச்சியின் லேப்டாப். வாங்கும்போதே அதில் ஒரு ஆன்டிவைரஸ் ட்ரயலாக இருந்தது, பெயர் வேண்டாம், பல கம்பெனி லேப்டாப்புகளில் இப்படி ஏதாவது ஒன்று ஏற்றித்தான் வருகிறது. நிறைய பேர் கவனிக்காத விஷயம் இதில் இருக்கிறது. விண்டோஸில் ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இருக்கிறது, வேறு ஆன்டிவைரஸ் உள்ளே வந்தால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும். ட்ரயல் முடிந்த பிறகு "ரினியூ செய்யுங்கள்" என்று மூலையில் ஒரு பெட்டி வந்துகொண்டே இருக்கும், நாமும் அதை மூடிக்கொண்டே இருப்போம், பாதுகாப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் மாதங்கள் ஓடிவிடும். அதனால் பணம் கட்டப்போவதில்லை என்றால் முதல் நாளே செட்டிங்ஸ் போய் ஆப்ஸ் பட்டியலில் அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து பச்சை டிக் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சில ட்ரயல்கள் முழுசாகப் போகாது, அந்த நிறுவனமே தன் தளத்தில் தரும் நீக்கும் கருவியை இறக்கி ஓட்ட வேண்டியிருக்கும்.

டிஃபெண்டர் மட்டும் போதுமா? ஒழுங்கான ஃபைபர் நெட் உள்ள வீட்டில், ஒரிஜினல் விண்டோஸ் உள்ள லேப்டாப்புக்குப் போதும் என்பதுதான் என் தீர்ப்பு. பத்துப் பதினைந்து வருடம் முன்னால் இதை யாராவது சொல்லியிருந்தால் நானே மறுத்திருப்பேன், அப்போது பரிசோதனைகளில் அதற்குக் கிடைத்த மதிப்பெண் அவ்வளவு மோசம். இன்று ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு மூன்றுக்கும் தலா 6 என்று 18 புள்ளிக்கு மார்க் போடுகிறது, அதில் டிஃபெண்டர் பலமுறை முழு மார்க் வாங்கியிருக்கிறது. காசும் கேட்பதில்லை, விளம்பரப் பெட்டியும் காட்டுவதில்லை.

ஆனால் அப்படியே விட்டுவிடக் கூடாது, உள்ளே போய் ஒரு வேலை செய்ய வேண்டும். ரான்சம்வேர் புரொடெக்‌ஷன் என்ற பக்கத்தில் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்று ஒன்று இருக்கிறது, அது முதலில் ஆஃபில்தான் இருக்கும். அதை ஆன் செய்தால் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் அறிமுகமில்லாத புரோகிராம் எதுவும் கை வைக்க முடியாது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸுக்கு எதிராக இது நல்ல அரண். ஒரு தொந்தரவும் உண்டு. சில நியாயமான மென்பொருள்களையும் சந்தேகப்பட்டு சேவ் செய்ய விடாது, அப்போது அந்தப் புரோகிராமை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இதைச் சொல்லாமல் ஆன் செய்து கொடுத்தால் புள்ளைங்க பிராஜெக்ட் சேவ் ஆகவில்லை என்று பதறிவிடும், சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் விண்டோஸ் அப்டேட். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டும் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களை முடக்கியபோது, அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் அப்டேட், கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அப்டேட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பவருக்கு எவ்வளவு காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கினாலும் பயன் குறைவுதான். ஹாஸ்டலில் சீனியர் யாராவது எம்.எஸ். ஆபீஸை இலவசமாக ஆக்டிவேட் செய்து தருகிறேன் என்று ஒரு கிராக் ஃபைல் கொண்டுவந்து, "முதல்ல டிஃபெண்டரை ஆஃப் பண்ணு" என்று சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். வைரஸைப் பிடிப்பவனைத் தூங்க வைத்துவிட்டு உள்ளே விடும் எதுவும் நமக்கு வேண்டாம்.

இனி ஏற்காடு. அங்கே கதை வேறு. மழைக்காலத்தில் கரன்ட் போனால் நெட்டும் போகும், மொபைல் ஹாட்ஸ்பாட் ஒரு கோடு காட்டினால் பெரிது. டிஃபெண்டருடைய பலத்தில் பெரும்பங்கு கிளவுடில் இருக்கிறது. புதிதாக ஒரு ஃபைலைப் பார்த்தால் மைக்ரோசாஃப்ட் சர்வரிடம் கேட்டுத்தான் நல்லதா கெட்டதா என்று முடிவு செய்யும். நெட் இல்லாவிட்டால் கையில் இருக்கும் பழைய பட்டியலை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் தன் சோதனையில் நெட் இருக்கும்போது எவ்வளவு பிடித்தது, இல்லாதபோது எவ்வளவு பிடித்தது என்று தனித்தனியாகப் போடுகிறது. அதில் டிஃபெண்டர் நெட் இல்லாதபோது நன்றாகவே சறுக்குகிறது. ஆன்டிவைரஸ் வாங்கப்போகிறவர்கள் நட்சத்திரம் எத்தனை என்று பார்ப்பதைவிட நெட் இல்லாதபோது எவ்வளவு பிடித்தது என்ற இந்தக் கணக்கைப் பாருங்கள், நம் ஊருக்கு அதுதான் முக்கியம்.

இன்னொரு ஆபத்து பென்டிரைவ். தோட்டத்துக் கூலிப் பட்டியல், மிளகு எடை, காபி எடை எல்லாம் எக்செல்லில் இருக்கிறது, அது பென்டிரைவில் கீழே சேலத்து ஆடிட்டர் ஆபீஸுக்குப் போகும், வழியில் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்கச் செருகுவார்கள், திரும்பி மலையேறும். அப்படி வந்த ஒரு பென்டிரைவை நான் திறந்து பார்த்தேன். உள்ளே கூலிப் பட்டியல் ஒன்றும் இல்லை, பென்டிரைவின் பெயரிலேயே ஒரே ஒரு ஷார்ட்கட். அதைக் கிளிக் செய்தால் ஃபைலெல்லாம் வந்துவிடும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் அந்த ஒரு கிளிக்கில் பின்னால் ஒரு ஸ்கிரிப்டும் ஓடி லேப்டாப்பில் உட்கார்ந்துகொள்ளும், அடுத்து செருகும் பென்டிரைவுக்கும் பரவும். உண்மையான ஃபைல்களைப் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டரில் மறைத்து வைத்திருக்கும். மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி வியூ மெனுவில் டிக் செய்தால் சில சமயம் தெரியும். பிரின்ட் கொடுத்துவிட்டு வந்தால் ஷார்ட்கட்டைத் தொடாமல் முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

இந்த இரண்டு காரணத்துக்காகப் பெரியப்பாவுக்குக் காசு கொடுத்தே வாங்கலாம் என்று முடிவு செய்தேன். நெட் இல்லாமலும் நன்றாகப் பிடிப்பவை என்று பிட்டிஃபெண்டரும் ஈசெட்டும் என் பட்டியலில் நின்றன. எடுத்தது ஈசெட் நாட்32. லேப்டாப்பை இழுத்துப் பிடிப்பதில்லை, எக்செல் திறக்கும் வேகத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பென்டிரைவ் செருகியதுமே ஸ்கேன் செய்யும்படி வைத்துக்கொள்ளலாம், பெரியப்பா எதையும் அழுத்த வேண்டியதில்லை. டிஃபெண்டரையும் முழுக்கத் தூங்க விடவில்லை. பீரியாடிக் ஸ்கேனிங் என்பதை ஆன் செய்தால் அவ்வப்போது ஒரு சுற்று அதுவும் பார்த்துவிட்டுப் போகும். இரண்டு ஆன்டிவைரஸை முழுநேரமும் ஒன்றாக ஓட விடுவது மட்டும் கூடாது, ஒன்றோடொன்று மோதி மெஷினே திணறும். சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் இரண்டும் சேலத்துக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கின்றன, ஏதாவது என்றால் நம் ஊர்க்காரரிடமே போய்க் கேட்கலாம் என்று நினைப்பவர்களுக்கு அவை பொருந்தும்.

இலவச ஆன்டிவைரஸ் போட நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தன்னைப் பயன்படுத்தியவர்கள் நெட்டில் எங்கெங்கே போனார்கள் என்ற விவரத்தைத் துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக, 2024இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனத்தை 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. சந்தேகத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்து பார்க்க வேண்டுமானால் நம் அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவசக் கருவிகள் இருக்கின்றன.

எந்த ஆன்டிவைரஸாலும் தடுக்க முடியாத ஒன்றும் உண்டு. "இ.பி. பில் கட்டவில்லை, இன்று ராத்திரி கரன்ட் கட்" என்று மெசேஜ் வரும், அந்த நம்பருக்குப் பேசினால் திரையைப் பார்க்கும் ஒரு ஆப்பைப் போடச் சொல்வார்கள். அந்த ஆப் வைரஸே அல்ல, முறையான மென்பொருள், அதனால் பாதுகாப்பு மென்பொருள் பேசாமல் விட்டுவிடும். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள் என்று பெரியப்பாவின் மேஜை மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

விலையைப் பொறுத்தவரை, முதல் வருடச் சலுகை விலையை நம்பி கார்டில் ஆட்டோ ரினியூவல் கொடுக்காதீர்கள், அடுத்த வருடம் பெரும்பாலும் முழு விலை எடுப்பார்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றாலும் பரவாயில்லை, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே பேங்க் தகவல் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது, அந்த மெசேஜைப் பார்த்ததும் ரத்து செய்யலாம். நான் ஒவ்வொரு தடவையும் புது கீ (ஆன்டிவைரஸை இயக்கும் உரிம எண்) வாங்குவேன், அதற்கு முன்னால் ஐந்து ரோடு பக்கம் இரண்டு கடையிலும் ஆன்லைனிலும் விலை கேட்டுவிடுவேன்.