கௌடாவைச் சுற்றி நடக்க: ரேவைக் ஏரிகளா, விலிஸ்ட் ஆற்றங்கரையா?

நெதர்லாந்தின் கௌடாவுக்கு வருவோரில் பலர் பாலாடைக்கட்டிச் சந்தையையும், சந்தைத் திடலின் நடுவே 15-ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கும் நகர மன்றத்தையும் பார்த்துவிட்டு ரயிலேறி விடுகிறார்கள். ஆனால் இவ்வூரின் உண்மையான வரலாறு அதன் வயல்வெளிகளில்தான் இருக்கிறது.

வடக்கே நடந்தால் ரேவைக் ஏரிகள் வரும். இவை இயற்கையாக அமைந்தவை அல்ல. எரிபொருளுக்காகக் கரிமண்ணை, அதாவது சதுப்பில் செடிகொடிகள் மக்கிப் படிந்த மண்ணை, வெட்டி எடுத்த பள்ளங்களில் நீர் நிறைந்து உருவானவை. இரு ஏரிகளுக்கு நடுவே ஒடுங்கிச் செல்லும் சாலைகளில் நடப்பது இனிமையானது என்றாலும், வீட்டு வேலிகள் பல இடங்களில் காட்சியை மறைக்கின்றன. கோடை விடுமுறை நாட்களில் மிதிவண்டிகளுக்கும் கார்களுக்கும் ஒதுங்கிக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். ரயில் நிலையத்திலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்பிவிடலாம் என்பது இதன் பெரிய வசதி.

கிழக்கே ஹாஸ்ட்ரெக்ட் சென்று, அங்கிருந்து விலிஸ்ட் ஆற்றோரமாகவே ஸ்கோன்ஹோவன் வரை போகும் வழி ஏறத்தாழ 15 கிலோமீட்டர். என் தேர்வு இதுதான். இங்கே கரிமண் வெட்டப்படாமல் மேய்ச்சல் நிலமாகவே நின்றது. ஆனால் நீரை வடிக்க வடிக்கக் காய்ந்து, காற்றுப்பட்டு மக்கி, நூற்றாண்டுக் கணக்கில் தாழ்ந்துகொண்டே வந்திருக்கிறது. அதனால்தான் கரைமேல் நடப்பவருக்கு ஒருபுறம் விளிம்புவரை நிறைந்த ஆறும், மறுபுறம் அந்த நீர்மட்டத்துக்கும் கீழே மேயும் மாடுகளும் ஒருசேரக் கண்ணில் படுகின்றன. இந்த நாட்டின் நீர் மேலாண்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் கௌடாவின் சுற்றுவட்டாரத்தில் இல்லை. கிளைகளை அடியோடு கழித்துவிடுவதால் தலை பருத்து நிற்கும் வில்லோ மரங்களும், பழைய காற்றாலைகளும் வழிநெடுகத் துணை வருகின்றன. ஸ்கோன்ஹோவனில் ரயில் இல்லை, திரும்பப் பேருந்துதான்.

தென்மேற்கே, ஹாலந்து ஐசல் ஆற்றுக் கரைமீது கௌடராக் செல்லும் வழி, கடல் ஓதம் உள்நாட்டு ஆற்றில் ஏறி இறங்குவதைப் பார்க்க விரும்புவோருக்கு மட்டுமே ஏற்றது. கரைச்சாலையில் வாகனத் தொல்லை உண்டு.

வசந்தத்தில் வருவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆட்காட்டியும் கருவால் மூக்கனும் புல்வெளியில் முட்டையிடும் அப்பருவத்தில் வயல் நடுவே செல்லும் குறுக்குப் பாதைகள் பல அடைக்கப்படும். அடைப்பைத் தாண்டக் கூடாது. சாலை வழியாகவே செல்லும் ரேவைக், விலிஸ்ட் நடைகளுக்கு அதனால் பெரிய இடையூறும் இல்லை. பாலாடைக்கட்டிச் சந்தையையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர், அது கூடும் கோடைக்கால வியாழக்கிழமை காலையை அதற்குக் கொடுத்துவிட்டு, பிற்பகலில் ஏரிப்பக்கம் போகலாம். விலிஸ்ட் நடைக்கு முழுநாளை ஒதுக்குவதே நல்லது.