கட்டுத்தரைப் பாதைக்கு ஜல்லி போடுகிறவர்கள் கவனிக்க

உடுமலைப் பக்கம் கரிசல் பூமியில் ஏழு கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிற இந்த மண், ஐப்பசி மழை இறங்கிவிட்டால் களியாகிக் குளம்பைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கொட்டகையிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை 60 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள பாதையில், போன மழைக்காலம் முழுவதும் மாடுகள் முழங்கால் சகதியில் நடந்ததைப் பார்த்துச் சகிக்காமல், இந்தப் புரட்டாசியில் ஒருவரிடம் 54,000 ரூபாய்க்கு வேலையை ஒப்படைத்தேன்.

சாணமும் களியும் கலந்த மேல்மண்ணைக் கெட்டித்தரை வரும்வரை வழித்தெடுப்பது, அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் என்கிற மண்தடுப்புத் துணி விரிப்பது, 40 மி.மீ. ஜல்லி 6 அங்குலம், அதற்கு மேல் குவாரி டஸ்ட் என்கிற கல்தூள் 2 அங்குலம் போட்டு ரோலர் ஓட்டுவது, தண்ணீர் வடிய வாட்டம் கொடுப்பது என்று எல்லாம் பேசித்தான் அதில் 45,000 ரூபாய் கொடுத்தேன். வேலை நடந்த இரண்டு நாளும் நான் உறவினர் திருமணத்துக்குப் போயிருந்தேன். அது என் தவறு. திரும்பி வந்தபோது பாதை சிமெண்டுத் தளம் போல வழவழவென்று இருந்தது, எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

மழை தொடங்கி மூன்றாவது வாரத்தில் குளம்புத் தடங்கள் குழிகளாயின. குழிகளில் மூத்திரமும் மழைநீரும் தேங்கி, பழைய சகதியே ஜல்லியோடு சேர்ந்து மேலே வந்தது. வெறும் சேற்றைவிட இது மோசம், ஏனென்றால் ஊறி இளகிய குளம்பின் இடுக்கில் கல் குத்திப் புண்ணாகிறது. இரண்டு மாடுகள் நொண்டின. மூன்றாம் ஈற்று மாடு ஒன்று, பால் கறந்தவுடன் காம்புத் துளை மூடுவதற்குள் அந்தச் சகதியில் படுத்து, மடிநோய் கண்டு, 9 லிட்டரிலிருந்து 4 லிட்டருக்கு இறங்கியது.

கடப்பாரையால் தோண்டிப் பார்த்தேன். இரண்டு அங்குலத்துக்குக் கீழே கருப்புக் களி, சாண நாற்றத்தோடு அப்படியே இருந்தது. துணி இருக்க வேண்டிய இடத்தில் நாற்றங்காலுக்குக் கட்டுகிற பச்சை நிழல்வலையின் கிழிந்த துண்டுகள் கிடந்தன. ஜியோடெக்ஸ்டைல் கம்பளி போல அடர்ந்தது. தண்ணீரை விட்டுவிட்டு மண்ணைத் தடுக்கும். நிழல்வலையின் கண்கள் வழியே களி தாராளமாக மேலே பிதுங்கும். 600 சதுர அடிக்கு அரையடி உயரம் என்றால் 300 கன அடி, அதாவது 3 யூனிட் ஜல்லி. வந்து கொட்டியது ஒரே யூனிட்தான் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் பிறகு சொன்னார். மட்டக்குழாய் பிடித்துப் பார்த்ததில் வாட்டமும் இல்லை. 10 அடி அகலத்துக்கு 2 சதவீதம் என்றால்கூட ஓர் ஓரம் சுமார் இரண்டரை அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும்.

வேலையை எடுத்தவரிடம் கேட்டதற்கு, "மாடு மிதிச்சா மண்ணு எறங்கத்தானுங்க செய்யும்" என்றார்.

ஒன்றை மட்டும் அவர்மேல் போட மாட்டேன். 40-க்கு 20 அடிக் கொட்டகைக் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 3,700 லிட்டர் இறங்கும். அந்தத் தண்ணீரை ஓரமாக ஏந்தி விடத் தகரத் தோணி வைக்காமல் பாதையிலேயே விழவிட்டது நான்தான்.

இப்படி வேலை கொடுக்கிறவர்கள் மண் வழித்த பிறகு ஒரு முறை, துணி விரித்த பிறகு ஒரு முறை நேரில் நின்று பாருங்கள். ஜல்லியை லாரியிலேயே அளந்து வாங்குங்கள். கடைசிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் மூன்று இடத்தில் கடப்பாரை போட்டு உயரத்தைப் பாருங்கள். மேலே பூசிய டஸ்டை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மீதி 9,000 ரூபாயைக் கேட்டு அவர் இன்னும் அழைக்கிறார். தோண்டியெடுத்த நிழல்வலையை வேலியில் மாட்டி வைத்திருக்கிறேன். நேரில் வந்து அதைப் பார்த்துவிட்டுக் கணக்குப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். இதுவரை வரவில்லை.